ஊழியர் ஐ.டி. கார்டு அடிக்கப் போகிறீர்களா? கடைக்குப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆபீஸைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சம்பளம், பிஎஃப், ஈஎஸ்ஐ, கூரியர், தண்ணி கேன் எல்லாம் என் தலையில்தான். மொத்தம் 86 பேர். எங்களிடம் பனியன் வாங்குகிற கம்பெனியில் இருந்து (பையர்) ஆடிட்டுக்கு ஆள் வருகிறார்கள், அதற்குள் எல்லோர் கழுத்திலும் கார்டு தொங்க வேண்டும் என்று முதலாளி சொன்னபோது, "நாலு நாள் போதுங்க சார்" என்று வாயை விட்டேன். 19 நாள் ஆனது. அடித்ததில் 23 கார்டைத் திரும்ப அடித்தோம், வாங்கிய கழுத்து டேக்கில் பாதிக்கு மேல் இன்னும் பீரோவில் கிடக்கிறது.

இதில் அச்சடிக்கிற வேலை ஒன்றரை நாள்தான். மீதி நாளெல்லாம் பட்டியலும் போட்டோவும் தின்றது. அதனால் டிசைனில் ஆரம்பிக்காதீர்கள். எல்லோரும் அங்கேதான் ஆரம்பிக்கிறார்கள், நானும் அப்படித்தான், நீல நிறமா பச்சை நிறமா என்று இரண்டு நாள் போனது.

1. கார்டு எதற்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

வெறும் அடையாளத்துக்கா, இல்லை வருகைப் பதிவு மெஷினில் காட்டுவதற்குமா? இரண்டுக்கும் கார்டே வேறு. அடையாளத்துக்கு மட்டும் என்றால் சாதாரண பிவிசி (பிளாஸ்டிக்) கார்டு. மெஷினில் காட்ட வேண்டும் என்றால் உள்ளே சிப் வைத்த ஆர்.எஃப்.ஐ.டி. கார்டு வாங்கி, அதன் மேல் அச்சடிக்க வேண்டும்.

இங்கே ஒரு பொறி. சிப் கார்டில் 125 கிலோஹெர்ட்ஸ் ஒரு வகை, 13.56 மெகாஹெர்ட்ஸ் இன்னொரு வகை. இரண்டாவதைக் கடைக்காரர்கள் மைஃபேர் என்பார்கள். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே வெள்ளைக் கார்டு, ஆனால் ஒன்றுக்கான மெஷின் மற்றதைப் படிக்காது. உங்கள் மெஷின் எதைப் படிக்கும் என்று அதைப் பொருத்தியவரிடம் கேட்டு, இரண்டே இரண்டு கார்டு வாங்கிக் காட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் மொத்தமாக வாங்குங்கள். அதோடு, சிப் கார்டில் தடியாக ஓட்டை போட்டு வருகிற வகை ஒன்று உண்டு, அது பிரிண்டருக்குள் போகாது. மெல்லிய கார்டு என்று சொல்லியே கேளுங்கள்.

எங்களிடம் விரல் வைக்கிற மெஷின்தான் இருக்கிறது, அதனால் சாதாரண கார்டு போதும் என்று முடிவானது. சிப் கார்டுதான் உங்கள் வழி என்றால் இன்னொன்று: டேக் மாட்ட மேலே துளை போட வேண்டாம். உள்ளே ஆன்டெனா கம்பி சுற்றி ஓடுகிறது, துளை அதில் விழுந்தால் கார்டு செத்தது. கார்டைச் செருகுகிற ஹோல்டரில் போட்டு மாட்டுங்கள்.

2. பட்டியல்: மொத்த வேலையும் இதுதான்

எக்செலில் ஓர் ஆளுக்கு ஒரு வரிசை. பத்திகள் இவை: ஊழியர் எண், பெயர் ஆங்கிலத்தில், பெயர் தமிழில், பிரிவு, ரத்தப் பிரிவு, அவசரத் தொடர்பு எண், வேலைக்குச் சேர்ந்த தேதி, போட்டோ கோப்பின் பெயர். ஒவ்வொருவரிடமும் வாங்க வேண்டியது ஆதார் நகல் (எழுத்துப் பார்க்க மட்டும்), ரத்தப் பிரிவு எழுதிய ஏதாவது ஒரு தாள், வீட்டில் யாரையாவது கூப்பிடுவதற்கு ஒரு நம்பர். இந்த மூன்றையும் வாங்குவதற்கே எனக்கு ஆறு நாள் ஆனது. "நாளைக்குக் கொண்டு வரேங்க" என்பதற்கு எங்கள் ஊரில் மூன்று நாள் என்று அர்த்தம்.

எண்களைத் தட்டும் முன்னாலேயே அந்தப் பத்தி முழுவதையும் டெக்ஸ்ட் என்று மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் 0047 என்று அடித்தால் எக்செல் 47 ஆக்கிவிடும், 12 இலக்க யுஏஎன் எண்ணை (பிஎஃப்பின் நிரந்தர எண்) அடித்தால் நடுவில் புள்ளியும் கூட்டல் குறியும் வந்து ஏதோ விஞ்ஞானக் கணக்கு மாதிரி நிற்கும். தேதியிலும் கவனம். 05-08 என்பது ஆகஸ்ட் 5-ஆ, மே 8-ஆ என்று கடைக்காரரின் கம்ப்யூட்டர் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்யும், அதனால் மாதத்தை எழுத்தில் போடுவது நல்லது.

இப்போது என் கதை. பட்டியல் முடிந்து எல்லாம் சரிபார்த்த பிறகு, 56-ஆவது வரிசைக்காரர் வந்து, "என் ரத்தப் பிரிவு அதான்னு எனக்கே சந்தேகமா இருக்குங்க, இப்போதைக்குப் போட வேண்டாம்" என்றார். சரி, அந்தக் கட்டத்தை மட்டும் அழிப்போம் என்று ரைட் கிளிக் செய்து டெலீட் கொடுத்தேன். கட்டம் காலியாகவில்லை, மொத்தமாக எடுபட்டது. அதற்குக் கீழே இருந்த ரத்தப் பிரிவெல்லாம் ஒரு படி மேலே ஏறிவிட்டது. பெயர் அதே இடத்தில், எண் அதே இடத்தில், ரத்தம் மட்டும் அடுத்த ஆளுடையது. கடைசி வரிசையில் மட்டும் கட்டம் காலியாக இருந்ததை அன்றைக்கே பார்த்தேன். அவர் சொல்ல மறந்திருப்பார் என்று விட்டுவிட்டேன். அந்த ஒரு காலிக் கட்டம் எனக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தது, எனக்குத்தான் கேட்கவில்லை.

கார்டு கொடுத்த அன்று ஓவர்லாக் தையல் அடிக்கிற ஓர் அக்கா வந்து, "நான் பி பாசிட்டிவுங்க, பிரசவத்தப்பவே எழுதிக் கொடுத்தாங்க, இதுல ஓ நெகட்டிவ்னு போட்டிருக்கே" என்று நீட்டினார். அப்போதுதான் தலை சுற்றியது. 56-ஆவது வரிசையில் இருந்து கடைசி வரை 31 பேரின் கார்டையும் திரும்ப வாங்கிப் பார்த்ததில் எட்டுப் பேருக்குத் தற்செயலாகச் சரியாக இருந்தது, 23 குப்பைக்குப் போனது. ரத்தம் ஏற்றும் முன் ஆஸ்பத்திரியில் அவர்களே சோதித்துப் பார்க்காமல் ஏற்ற மாட்டார்கள்தான், ஆனாலும் கம்பெனி கையெழுத்துப் போட்ட ஒரு பொய் ஒருவர் கழுத்தில் தொங்கக் கூடாது.

ஆகவே: கட்டத்தைக் காலி செய்ய விசைப்பலகையில் உள்ள டெலீட் விசையை மட்டும் அழுத்துங்கள், ரைட் கிளிக் பக்கமே போகாதீர்கள். வரிசைப்படுத்தும்போது ஒரு பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தாதீர்கள். எல்லாம் முடிந்ததும் பட்டியலைத் தாளில் அச்சடித்து, ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, அவர் வரிசையைக் காட்டி, பக்கத்தில் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்து வாங்கிய பிறகு கம்ப்யூட்டரில் ஒரு எழுத்து மாற்றினாலும் அந்தப் பக்கத்தை மறுபடி அச்சடித்து மறுபடி காட்ட வேண்டும். நான் மாற்றியது கையெழுத்து வாங்கிய பிறகுதான்.

3. பெயரும் இனிஷியலும்

ஒருவரைக் கேட்டால் முருகன் என்பார். ஆதாரில் முருகன் சுப்பிரமணி, பிஎஃப்பில் எஸ். முருகன், பாங்கில் முருகன் எஸ். இதில் எதைப் போடுவது? ஆங்கிலத்தில் ஆதாரில் உள்ளபடியே, ஒரு எழுத்துகூட மாற்றாமல் போடுங்கள். நாளைக்கு ஈஎஸ்ஐ மருந்தகத்திலோ வேறெங்கோ இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது கேள்வி வராது. தமிழில் அவரை எப்படிக் கூப்பிடுவார்களோ அப்படிப் போடலாம். ஆதாரிலேயே பெயர் தப்பாக இருந்தால் அதைத் திருத்தச் சொல்லி, திருத்தி வந்த பிறகு அடியுங்கள். கார்டில் மட்டும் சரியாகப் போட்டு என்ன பயன்?

எங்களிடம் ஒடிசா, பீகார் பக்கத்துப் பிள்ளைகள் முப்பது பேருக்கு மேல். தமிழில் மட்டும் போட்டால் தன் பெயரைத் தானே படிக்க முடியாது, அதனால் ஆங்கிலம் பெரிதாக, தமிழ் அதன் கீழே என்று வைத்தோம். ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பதும் சாதாரணம், அங்கே ஊழியர் எண்தான் காப்பாற்றும். ஆள் போனாலும் அந்த எண்ணை இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள்.

ரத்தப் பிரிவு கேட்டால் பாதிப் பேர் "ஓ பாசிட்டிவா இருக்கும்" என்பார்கள். இருக்கும் என்பது பதில் இல்லை. லேப் ரிப்போர்ட், பிரசவ அட்டை, ரத்ததான அட்டை, ஏதாவது ஒரு தாள் வேண்டும். இல்லாதவருக்கு அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். தாளில் ஏ1 பாசிட்டிவ், ஏ1பி பாசிட்டிவ் என்று இருந்தால் அந்த 1-ஐயும் சேர்த்தே எழுதுங்கள்.

4. போட்டோ

ஸ்டூடியோவுக்கு அனுப்பினால் ஆளுக்கு நூறு ரூபாயாவது ஆகும், ஒவ்வொருவரும் ஒவ்வொரு வருஷத்துப் போட்டோவைக் கொண்டுவருவார்கள், ஒருவர் கல்யாண ஆல்பத்தில் இருந்து வெட்டிய படம் கொடுத்தார், பக்கத்தில் மனைவியின் தோள் தெரிந்தது. நாமே எடுப்பதுதான் நல்லது. ஒரே செல்போன், ஒரே சுவர், ஒரே நாள்.

வெளிர் நீலச் சுவர் இருந்தால் அருமை. வெள்ளைச் சுவர் என்றால் வெள்ளைச் சட்டைக்காரர்களுக்கு உடம்பே தெரியாது, தலை மட்டும் மிதக்கும். சுவரில் இருந்து மூன்றடி தள்ளி நிற்க வையுங்கள், இல்லாவிட்டால் பின்னால் நிழல் விழும். வெளிச்சம் முகத்துக்கு எதிரில் இருந்து வரட்டும், தலைக்கு மேலே ட்யூப்லைட் எரிந்தால் கண்ணுக்குக் கீழே கருப்பாகிவிடும். போனைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள், மூக்கு பெரிதாகும், நாலைந்து அடி தள்ளி நின்று கொஞ்சம் ஜூம் செய்யுங்கள். எங்களுக்கு மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் எடுத்ததில் எல்லோர் முகத்திலும் தூக்கம். அடுத்த தடவை காலையில் ஷிப்ட் ஆரம்பிக்கும்போதே எடுப்பதாக இருக்கிறேன்.

பாஸ்போர்ட் அளவு விகிதத்தில், 35-க்கு 45 என்று வெட்டிக்கொள்ளுங்கள். கோப்புக்குப் பெயர் வைப்பது ஊழியர் எண்ணில்தான், 0047 என்றால் படமும் 0047. ஆள் பெயரில் வைத்தால் மூன்று சுனில் குமாரும் கலந்துவிடுவார்கள். எடுக்கும்போதே ஒரு தாளில் எண்ணைப் பெரிதாக எழுதி நெஞ்சுக்கு நேரே பிடிக்கச் சொல்லி எடுத்துவிட்டால், பிறகு யார் எது என்று குழம்ப வேண்டாம். போலீஸ் ஸ்டேஷன் போட்டோ மாதிரி இருக்கிறது என்று சிரித்தார்கள், சிரிக்கட்டும், தாள் கீழே வெட்டுப்பட்டுவிடும்.

கடைக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள், அது நசுக்கிவிடும். டாக்குமென்ட் என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள், இல்லையென்றால் பென் டிரைவில் கொடுங்கள்.

5. கார்டில் எதைப் போடுவது, எதை விடுவது

முன்பக்கம்: கம்பெனி பெயர், லோகோ, போட்டோ, பெயர், ஊழியர் எண், பிரிவு. அவ்வளவுதான். பின்பக்கம்: ரத்தப் பிரிவு, அவசரத் தொடர்பு எண், கம்பெனி முகவரி, கம்பெனி போன், எந்தத் தேதி வரை செல்லும், கையெழுத்து, "கண்டெடுத்தவர் இந்த முகவரியில் ஒப்படைக்கவும்" என்ற ஒரு வரி.

ஆதார் எண் வேண்டவே வேண்டாம். டீக்கடையில் உட்கார்ந்திருக்கும்போது யார் வேண்டுமானாலும் படிக்கிற இடத்தில் அது தொங்கக் கூடாது. வீட்டு முகவரியும் வேண்டாம், முக்கியமாகப் பெண்களுக்கும் ஹாஸ்டலில் தங்குகிறவர்களுக்கும். பிறந்த தேதியும் தேவையில்லை. யுஏஎன், ஈஎஸ்ஐ எண்களைப் போடச் சொல்லி எங்கள் மேனேஜர் கேட்டார், அதை ஒரு தனித் துண்டுத் தாளில் அடித்துக் கையில் கொடுத்துவிட்டோம், அவர்களும் அதைத்தான் செல்போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

பதவியைப் போடுவது பற்றி யோசியுங்கள். இன்றைக்குச் செக்கிங், அடுத்த மாதம் பேக்கிங், ஆறு மாதத்தில் லைன் சூப்பர்வைசர். ஒவ்வொரு தடவையும் புதுக் கார்டா? பிரிவு மட்டும் போதும். சில கம்பெனிகளில் பிரிவுக்கு ஒரு நிறம் என்று பட்டை போடுகிறார்கள், பார்க்க நன்றாக இருக்கிறது, ஆள் மாறினால் கார்டும் மாற்ற வேண்டும் என்பதால் நாங்கள் போகவில்லை.

கையெழுத்து விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. முதலாளியின் கையெழுத்தை ஸ்கேன் செய்து கடைக்குக் கொடுக்கிறோம், அது அந்தக் கடைக் கம்ப்யூட்டரில் படமாக உட்கார்ந்திருக்கும். செக்கில் போடுகிற கையெழுத்தைக் கொடுக்காதீர்கள். ஆபீஸ் பொறுப்பில் இருக்கிற வேறு யாராவது ஒருவர், பாங்க் கணக்கில் அதிகாரம் இல்லாதவர், கையெழுத்துப் போட்டால் போதும்.

லோகோவுக்குப் பக்கத்தில் கம்பீரமாக இருக்கட்டும் என்று நான்கு சிங்க முத்திரையை வைக்க டிசைனர் ஒருவர் யோசனை சொன்னார். தனியார் கம்பெனி அதைப் பயன்படுத்தக் கூடாது, அதற்கென்றே 2005-இல் சட்டம் இருக்கிறது. தொடவே தொடாதீர்கள்.

கியூஆர் கோடு போட ஆசைப்பட்டால் இணையத்தில் இலவசமாகச் செய்துதரும் தளங்களைக் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். டைனமிக் என்ற வகையில் கோடு அந்தத் தளத்தின் வழியாகத்தான் போகும், இலவச நாட்கள் முடிந்ததும் பணம் கட்டு என்று நின்றுவிடும், கார்டெல்லாம் அடித்து முடித்த பிறகு. தகவல் கோடுக்குள்ளேயே இருக்கிற ஸ்டாட்டிக் வகையை எடுங்கள். உள்ளே ஊழியர் எண்ணும் கம்பெனி போன் நம்பரும் போதும். இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையாமல், சுற்றிலும் வெள்ளை இடம் விட்டு, வெள்ளை மேல் கருப்பாகவே அடியுங்கள்.

6. டிசைன்

கார்டின் அளவு 85.6-க்கு 54 மி.மீ., தடிமன் 0.76 மி.மீ. ஏடிஎம் கார்டின் அதே அளவு. கடையில் இதை சி.ஆர்.80 என்றால் புரியும். 300 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) 1011-க்கு 638 பிக்செல் வரும். நான்கு பக்கமும் 2 மி.மீ. நிறத்தை வெளியே நீட்டி விடுங்கள், வெட்டும்போது கொஞ்சம் நகர்ந்தாலும் வெள்ளைக் கோடு தெரியாது. எழுத்து எதையும் ஓரத்தில் இருந்து 3 மி.மீ.க்குள் வைக்காதீர்கள். துளை போடுவதாக இருந்தால் மேலே ஒரு சென்டிமீட்டர் காலியாக விடுங்கள், நான் பார்த்த ஒரு மாதிரியில் துளை சரியாக லோகோவின் நடுவில் விழுந்திருந்தது.

தொங்குகிற கார்டுக்கு நெடுக்கு வாட்டம்தான் வசதி. அதை முடிவு செய்த பிறகு ஹோல்டரும் நெடுக்கு வாட்டத்தில்தான் வாங்க வேண்டும். சொல்லும்போது சாதாரணமாக இருக்கிறது, நான் படுக்கை வாட்ட ஹோல்டரை வாங்கி வந்து மாற்ற ஒரு தடவை போனேன்.

லோகோவை முதலில் அதைச் செய்தவரிடம் இருந்து கோரல் டிரா கோப்பாகவோ பிடிஎஃபாகவோ வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் பத்துக் கை மாறி வந்த படத்தைக் கொடுத்தால் ஓரமெல்லாம் பல் பல்லாக வரும். நிறத்தில் ஏமாறாதீர்கள், திரையில் பளீரென்று தெரிகிற நீலம் அச்சில் ஊதாவாக மாறி வருவது ரொம்பச் சாதாரணம். சி.எம்.ஒய்.கே. என்கிற அச்சு நிற முறைக்கு மாற்றித் தரச் சொல்லி, ஒரு கார்டு அடித்துப் பார்த்துத்தான் நிறத்தை முடிவு செய்ய வேண்டும்.

அப்புறம் தமிழ் எழுத்து. இது தனித் தலைவலி. நாம் செல்போனிலும் கம்ப்யூட்டரிலும் இப்போது வருகிற யூனிகோடில் அடிக்கிறோம், பல அச்சுக்கடைகளில் இன்னும் பாமினி மாதிரி பழைய எழுத்துருவில்தான் வேலை நடக்கிறது. நம் பட்டியலை அப்படியே போட்டால் கட்டம் கட்டமாக வரும், இல்லையென்றால் கொம்பும் காலும் இடம் மாறி, கோ என்பது உடைந்து நிற்கும். உடனே கடைப்பையன், "நான் புதுசா அடிச்சுக்கறேங்ணா" என்பான். வேண்டாம் என்று சொல்லுங்கள். 86 பெயரைப் புதிதாக அடித்தால் கண்ணன் கன்னன் ஆவார், வள்ளி வல்லி ஆவார், நாம் வாங்கிய கையெழுத்துக்கெல்லாம் அர்த்தமே இல்லை. யூனிகோடை அப்படியே எடுக்கிற மென்பொருள் உள்ள கடையாகப் பாருங்கள், அல்லது எங்களைப் போலத் தமிழ்ப் பெயர்களை ஆபீஸிலேயே ஒழுங்காக அமைத்து, எழுத்துருவை உள்ளடக்கிய பிடிஎஃபாகக் கொடுத்துவிடுங்கள்.

பெயரையும் போட்டோவையும் ஒவ்வொன்றாக ஒட்டுகிற கடைக்கும், பட்டியலில் இருந்து தானாக எடுத்துப் போடுகிற கடைக்கும் வித்தியாசம் உண்டு. கோரல் டிராவில் பிரிண்ட் மெர்ஜ் இருக்கிறது, கேன்வாவில் மொத்தமாகச் செய்கிற வசதி இருக்கிறது. கையால் ஒட்டினால் எங்காவது ஒரு முகம் மாறும்.

7. எந்த வகைக் கார்டு

தாளில் அடித்து லேமினேஷன் போடுவது மலிவு, ஆனால் வியர்வை பட்டால் இரண்டே மாதத்தில் ஓரம் பிரிந்து உள்ளே தண்ணீர் இறங்கும். தற்காலிக ஆட்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர்க் கடைகளில் அதிகம் நடப்பது ஃபியூசிங். பிவிசி தாளில் அச்சடித்து, மேலும் கீழும் மெல்லிய படலம் வைத்து, சூட்டில் அழுத்தி ஒன்றாக்கி, டை (வெட்டு அச்சு) வைத்து வெட்டுவார்கள். சூடு சரியாக விழுந்தால் வருஷக்கணக்கில் உழைக்கும், குறைவாக விழுந்தால் படலம் உரியும். சாம்பிள் கார்டை வளைத்துப் பாருங்கள், ஓரத்தில் நகத்தை விட்டு நெம்பிப் பாருங்கள், கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

மூன்றாவது, வெள்ளைப் பிவிசி கார்டு மேல் நேராக இங்க்ஜெட்டில் அடிப்பது. பார்க்கப் பளபளவென்று இருக்கும், மேலே படலம் இல்லாவிட்டால் சானிட்டைசர் பட்ட விரலால் தேய்த்தாலே கரையும். நான்காவது, ரிப்பன் போட்ட தெர்மல் கார்டு பிரிண்டர். தெளிவாக வரும், உடனே கையில் கிடைக்கும், சிப் கார்டுக்கு இதுதான் வழக்கம். இதைச் சொந்தமாக வாங்கலாமா என்று முதலாளி கேட்டார். மாதத்துக்கு மூன்று நாலு பேர் சேருகிற இடத்துக்குத் தேவையில்லை என்றேன். பிரிண்டரோடு விலை முடிவதில்லை, ரிப்பன் தீரத் தீர வாங்க வேண்டும்.

8. கடையும் விலையும்

மூன்று கடை ஏறி இறங்குங்கள். விலை கேட்கும்போது இரண்டு பக்கமும் சேர்த்தா, டிசைன் கூலி தனியா, துளை, ஹோல்டர், ஜிஎஸ்டி எல்லாம் உள்ளேயா வெளியேயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். ஒரு கடையில் கார்டு 30 ரூபாய் என்றார்கள், எல்லாம் சேர்த்துக் கூட்டினால் 52 வந்தது.

எங்களுக்கு ஆனது இது. ஃபியூசிங் கார்டு 45 ரூபாய் வீதம் 90, அதற்கு ரூ.4,050. நான்கு கார்டு கூடுதலாகப் பெயரில்லாமல் அடித்தது விருந்தினருக்கு. ஹோல்டர் 12 ரூபாய் வீதம் 90, ரூ.1,080. கம்பெனி பெயர் அடித்த டேக் 28 ரூபாய், குறைந்தது 100 எடுக்க வேண்டும் என்றார்கள், ரூ.2,800. தப்பு விட்ட 23 கார்டுக்கு ரூ.1,035. பிறகு டேக்குக்குப் பதிலாக வாங்கிய யோயோ (சட்டையில் மாட்டுகிற கிளிப்) 55-க்கு 22 ரூபாய் வீதம் ரூ.1,210. மொத்தம் ரூ.10,175, ஜிஎஸ்டி தனி. இதில் என் கவனக்குறைவுக்கான விலை எவ்வளவு என்று நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் விலை முன்னே பின்னே இருக்கும்.

லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் கொண்டு போங்கள்: இந்தக் கம்பெனிக்கு இத்தனை கார்டு அடிக்க வேண்டும், இன்னார் வந்து வாங்குவார் என்று. நான் போன மூன்று கடைகளில் ஒன்றுதான் அதைக் கேட்டது, அந்தக் கடைக்கே வேலையைக் கொடுத்தேன். யார் வந்து கேட்டாலும் எந்தக் கம்பெனி கார்டையும் அடித்துத் தருகிற கடை நமக்கு வேண்டாம். பில்லில் கம்பெனியின் ஜிஎஸ்டி எண் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். வேலை முடிந்ததும் போட்டோ, பட்டியல் எல்லாவற்றையும் உங்கள் கண்முன்னே அழிக்கச் சொல்லுங்கள். 2023-இல் வந்த தனிநபர் தரவுச் சட்டத்தின்படி வெளியே வேலை கொடுத்தாலும் அந்தத் தகவலுக்குப் பொறுப்பு கம்பெனிதான்.

9. சாம்பிள் பார்க்காமல் மொத்தமாக அடிக்க விடாதீர்கள்

திரையில் பார்த்து ஓகே சொல்வது சாம்பிள் ஆகாது. நிஜக் கார்டு மூன்று அடித்து வாங்குங்கள். ஒன்று பட்டியலின் முதல் ஆள், ஒன்று கடைசி ஆள், இன்னொன்று இருப்பதிலேயே நீளமான பெயர் உள்ளவர். நீளப் பெயர் இரண்டு வரியாக மடங்கி ஊழியர் எண் மேல் ஏறுகிறதா என்று அப்போதுதான் தெரியும். கடைசி ஆளின் கார்டை நான் சாம்பிளாகக் கேட்டிருந்தால் ரத்தப் பிரிவு காலியாக வந்திருக்கும், அங்கேயே நின்றிருப்பேன்.

10. டேக்கா, யோயோவா

ஆபீஸ் ஆட்களுக்குக் கழுத்து டேக் சரி. மெஷினில் உட்காருகிறவர்களுக்குச் சரியே இல்லை. குனிந்து தைக்கும்போது டேக் முன்னால் தொங்கி, ஓவர்லாக் மெஷினுக்குள்ளோ பெல்ட்டிலோ சிக்கினால் என்ன ஆகும்? கார்டு கொடுத்த இரண்டாவது நாள் எங்கள் கட்டிங் மாஸ்டர் வந்து, "சார், இதைக் கழுத்துல கட்டிக்கிட்டு கத்தி மெஷின்கிட்ட நான் போக மாட்டேன்" என்று கழற்றி மேசையில் வைத்தார். அவர் சொன்னதுதான் சரி. தையல், கட்டிங் ஆட்களுக்குச் சட்டையிலோ இடுப்பிலோ மாட்டுகிற யோயோ கிளிப் வாங்கினோம். பீரோவில் கிடக்கிற டேக்கெல்லாம் அப்படி மிஞ்சியவைதான். டேக்தான் வேண்டும் என்றால் இழுத்தால் தானாகப் பிரிகிற பூட்டு வைத்ததாகக் கேளுங்கள். அயர்னிங் பிரிவில் கார்டு நீராவிச் சூட்டில் வளைந்துவிடும், அவர்களுக்கு வேலை நேரத்தில் மாட்டிவைக்க வாசலில் ஓர் ஆணி வரிசை அடித்துக் கொடுத்தோம்.

பெயர் அடித்த டேக்குக்கு ஆறேழு நாள் கேட்பார்கள். அதனால் பட்டியல் தயாராகும் வரை காத்திருக்காமல் முதல் நாளே ஆர்டர் கொடுத்துவிடலாம், அதற்குத் தேவை லோகோ மட்டும்தான். எத்தனை பேருக்கு டேக், எத்தனை பேருக்கு யோயோ என்று எண்ணிவிட்டு.

11. கொடுப்பதும் திரும்ப வாங்குவதும்

கொடுக்கும்போது ஒரு நோட்டில் எண், பெயர், தேதி, கையெழுத்து. தொலைத்தால் மறு கார்டுக்கு எவ்வளவு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், முதல் தடவை தொலைத்தால் காசு வாங்குவதில்லை என்று நாங்கள் வைத்திருக்கிறோம். புதிதாகச் சேருகிறவருக்குக் கடையில் ஒரே ஒரு கார்டு அடிக்கப் போனால் 80 ரூபாய் கேட்கிறார்கள், அதனால் முதலில் லேமினேஷன் கார்டு கொடுத்துவிட்டு, மாதக் கடைசியில் மொத்தமாக அடிக்கிறோம். புது ஆட்களை முதலில் இருந்த கோப்பிலேயே கீழே சேர்க்காமல், அந்தந்த மாதத்துக்குத் தனிக் கோப்பாக வையுங்கள், பழைய பட்டியலைத் தொடவே வேண்டாம்.

வேலையை விட்டுப் போகிறவரிடம் கணக்கு முடிக்கும் அன்றே கார்டை வாங்கி, போட்டோவும் எண்ணும் இரண்டு துண்டாகும்படி கத்தரியால் வெட்டி, நோட்டில் அவர் வரிசைக்கு நேரே தேதி போடுங்கள். சிப் கார்டாக இருந்தால் வெட்டும் முன் மெஷினில் அந்த எண்ணை நீக்கிவிடுங்கள்.